ஏரிக்குச் சும்மா போவது

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வீக்கெண்டில் போக மூன்று இடங்கள்தான் என்று எங்கள் டீமில் சொல்லிக்கொள்வோம். மால், மகாபலிபுரம், மெத்தை. ஓஎம்ஆரிலிருந்து மேற்கே ஏதாவது ஒரு கிளைச் சாலையில் திரும்பிக் கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் ஒரு ஏரிக்கரையில் போய் நிற்கலாம் என்பது பேச்சில் வருவதே இல்லை. சிறுசேரியிலேயே ஏரி இருக்கிறது. தாழம்பூரில் இருக்கிறது. மாம்பாக்கம், தையூர், இன்னும் தெற்கே போனால் சிறுதாவூர், மானாமதி. கூகுள் மேப்பை சாட்டிலைட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கேளம்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் யாரோ வெட்டிப்போட்ட நகத்துண்டுகள் மாதிரி பிறை பிறையாகக் கிடக்கும்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு இங்கே கிடையாது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைதான் வருடச் சம்பளம். அதுவும் ஒரே தவணையில் வந்துவிடும். மேற்கே மேடு, கிழக்கே கடல், நடுவில் மெல்லிய சரிவு. சரிவின் குறுக்கே வளைவாக ஒரு மண்கரை போட்டால் தண்ணீர் நிற்கும். நிரம்பிய பிறகு மிச்சம் கலங்கலில் வழிந்து கீழே இருக்கும் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கும் கீழே. ஆகவே இங்கே ஏரி என்பது இயற்கைக் காட்சி இல்லை. யாரோ கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய மண்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போய்வருவது தெரிந்ததும் தாத்தா கேட்டார்.

"அங்க ஒனக்கு இன்னா வேல?"

"வேலல்லாம் ஒண்ணும் இல்ல தாத்தா. கரைல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துடுவேன்."

"சும்மாவா?"

அந்த 'சும்மாவா'வில் கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. தாத்தா, திருப்போரூருக்கு மேற்கே ஒரு ஊரில் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர்.

*

'சும்மா' என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது படூரில், ஐந்தாவது மாடி. மார்கழி, தை மாதங்களில் காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரை எடுத்தால் வெளிச்சம் வருவதற்குள் தையூர் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். ஃபிளாஸ்க்கில் டீ, பையில் ஒரு பழைய பைனாகுலர், ஒரு துண்டு. துண்டு உட்காருவதற்கு. பனி மூடியிருக்கும்போது தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முதலில் சத்தம்தான் வரும். நாமக்கோழிகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடும் சத்தம். பிறகு முக்குளிப்பானின் கிணுகிணுப்பு. வெயில் வரவர ஒவ்வொன்றாக உருவம் வரும். சம்புப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி நடப்பதைப் பார்த்தால், புதுச்செருப்புப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைகிற பெரியம்மா ஞாபகம் வரும். பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டிருக்கும். நத்தைகுத்தி நாரைக்கு அலகு ஏன் நடுவில் மூடுவதில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பெயரிலேயே பதில் இருந்தது. நத்தைக்காக.

எட்டு மணிக்கு மேல் மனிதர்கள் வருவார்கள். லாரி டியூபில் மிதந்துகொண்டே வலையை எடுக்கும் அண்ணன். எருமை ஓட்டிவரும் அக்கா. மைதா உருண்டையைத் தூண்டிலில் மாட்டி ஜிலேபி மீனுக்குக் காத்திருக்கும் பையன்கள். ரீல்ஸ் எடுப்பவர்கள். அப்புறம் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் ஜோடிகள். பெண் நீளமான கவுனைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்க, போட்டோகிராஃபர் "சிரிங்க சிஸ்டர்" என்பார். எனக்கு இவர்கள் யார் மேலும் புகார் இல்லை. எல்லோரும் என்னைப்போலச் சும்மா வந்தவர்கள்தான்.

புகார் வேறு. தனியாக ஒரு பெண் கரையில் உட்கார்ந்திருந்தால் கேள்விகள் வரும். "யார் வூட்டுப் பொண்ணு?" என்பதில் தொடங்கும். படூர் என்பேன். "அது இப்ப. சொந்த ஊரு?" சொல்வேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" இந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொள்வேன். அது பறவை பார்க்க மட்டும் அல்ல.

இங்கே வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரில் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தாலும் வேண்டாம். பழைய ஏரியின் தரை கரையை நோக்கி மெல்லச் சரியும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் சொல்லிக்கொண்டே வரும். மண் அள்ளிய ஏரியில் அந்த மரியாதை கிடையாது. முழங்கால் தண்ணீரிலிருந்து அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். பொக்லைன் தோண்டிய குழியின் விளிம்பு செங்குத்தாக இருக்கும், மேலே எல்லாம் ஒரே நிறத்தில் தெரியும். கோடை விடுமுறையில் வரும் செய்திகளில் பாதி இப்படித்தான். தாத்தாவிடம் சொன்னால், "ஏரிய ஏரியா வெட்டணும். கெணறா வெட்டுனா?" என்பார்.

*

நீர்க்கட்டி என்றால் இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து நண்டு வளையோ எலி வளையோ கசிகிறதா என்று பார்ப்பது. கூலி பணமாக இல்லை. அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் நெல், மேரை. எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் இந்த வேலையைப் பரம்பரையாகப் பார்த்தவர்கள் சேரிக்காரர்கள். யாருடைய வயலுக்கும் சாயாமல் தண்ணீர் பங்கிட, சொந்தமாக வயல் இல்லாதவன்தான் சரி என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். வயல் ஏன் இல்லை என்ற கேள்வியை அது விழுங்கிவிடும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. அதற்கு அடுத்த வருடம் வந்த ஆணையால் கிடைத்ததைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அதிலும் எவ்வளவு கைமாறிப்போனது என்பது தனிக்கதை.

(ஆபீஸில் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், "சிறுசேரின்னா சின்ன ஸ்லம்மா?" என்று. வேளச்சேரி, புதுச்சேரி எல்லாம் என்னவாம்? பழைய தமிழில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். அந்தச் சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கியது பிற்பாடு நடந்தது.)

தாத்தா பேசாத ஆள். ஏரியைப் பற்றி மட்டும் கேட்டால் பேசுவார். ஒரு கார்த்திகை மாதம் ஏரி ததும்பி நிற்கிறது. மதகின் அடைப்பு இறுகிக்கொண்டு எழும்பவில்லை. திறக்காவிட்டால் கரை போய்விடும் என்று ஊரே கரையில் நிற்கிறது. தாத்தா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். "உள்ள கண்ணத் தொறந்தாலும் ஒண்ணுதான், மூடுனாலும் ஒண்ணுதான். கையால தடவித் தடவித்தான் போவணும். தொறந்துக்கிச்சின்னா இழுக்கும் பாரு, யானை இழுக்குற மாதிரி. ரெண்டாம் தடவ முங்குனப்பதான் அசஞ்சிச்சி." மேலே வந்தபோது யாரோ போர்வை கொடுத்தார்கள். அந்தப் போர்வையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை என்பதை ஆயா ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு விவரம் தெரிந்த பிறகுதான் அதன் அர்த்தம் விளங்கியது. அவர் போர்த்தியதை அவர்கள் திரும்பத் தொட மாட்டார்கள்.

அந்த ஊரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு குளம் உண்டு. குடிதண்ணீர்க் குளம். நான்கு பக்கமும் படிக்கட்டு, வருடத்துக்கு ஒருமுறை தூர் எடுப்பார்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். "இருக்குமாம்" என்று சொன்னதும் தாத்தாதான். அவருடைய சின்ன வயதில் அந்தப் படியில் அவர்கள் கால் வைக்க முடியாது. ஊரைக் காப்பாற்ற ஏரிக்குள் முங்கலாம், குளத்தில் ஒரு கை அள்ளிக் குடிக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் மஹாத் என்ற ஊரின் சவதார் குளத்துக்கு 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். வரலாற்றுப் புத்தகத்தில் அதை ஒரு போராட்டமாகத்தான் படித்தேன். தாத்தாவின் "இருக்குமாம்" காதில் விழுந்த பிறகு அதை வேறு மாதிரியும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு குளத்துக்குப் போய்வருவது. நடந்து போய், இறங்கி, அள்ளி, குடித்து, திரும்பி வருவது.

அதனால் "ஏரிக்குச் சும்மா போனேன்" என்று நான் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்னத் திமிர் இருக்கிறது. அது இருக்கட்டும்.

*

எங்கள் பிராஜெக்டில் ரோமிலிருந்து ஒருவர் திங்கள்கிழமை கால்களில் வருவார். கோடை வந்தால் அவர் பேச்சில் ஏரி வராமல் இருக்காது. ரோமுக்கு வடமேற்கே பிராச்சானோ என்று ஒரு ஏரி. எரிமலைச் செயல்பாட்டால் தரை உள்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டானது. சனிக்கிழமை குடும்பத்தோடு போய், நீந்தி, கரையில் சாப்பிட்டு, மரநிழலில் தூங்கிவிட்டு வருவார்கள். யாரும் அவரை "எந்தப் பக்கம்" என்று கேட்பதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. அந்த ஏரி ரோமுக்குக் குடிதண்ணீர் தரும் இடங்களில் ஒன்று. கி.பி. 109-இல் பேரரசர் டிராஜன் அந்த ஏரியைச் சுற்றியிருந்த ஊற்றுகளிலிருந்துதான் ரோமுக்கு நீர்க்கால்வாய் கட்டினார். குடிதண்ணீர் என்பதால் சில விலக்குகள் தவிர மோட்டார் படகுகளுக்கு அங்கே அனுமதி இல்லை. 2017 கோடையில் பெரிய வறட்சி. நீந்தப் போனவர்களின் கண்ணெதிரே தண்ணீர் பின்வாங்கி, புதிதாக மணல் தெரிந்தது. ஏரியிலிருந்து எடுப்பதை நிறுத்தச் சொல்லி அந்தப் பிராந்திய அரசு உத்தரவு போட்டது. ரோமில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நிலை வரும் என்று பேசினார்கள்.

எங்கள் முறை 2019-இல் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, அந்த ஜூன் மாதம் ஓஎம்ஆரில் பல கம்பெனிகள், "ஆபீஸில் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள்" என்றன. வீட்டில் மட்டும் எங்கிருந்து வந்தது? லாரியில். லாரிக்கு எங்கிருந்து வந்தது? சாலைக்கு மேற்கே இருக்கும் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் போர்களிலிருந்தும். அந்தக் கிணறுகளில் ஊறுவது? பக்கத்து ஏரியில் நின்ற தண்ணீர்.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார்.

"அப்போ ஏரிக்கு வேல போவல. ஆயக்கட்டு மாறிப்போச்சி. முன்ன நெல்லுக்குப் போச்சி, இப்ப ஒங்க மாடிக்குப் போவுது."

"ஆமா தாத்தா."

"ஒங்க பில்டிங்ல எத்தினி வூடு?"

"முந்நூத்திச் சொச்சம்."

"வூட்டுக்கு ஒரு ஆளு. மம்பட்டி எடுத்தாரச் சொல்லு. ஒரே நாள்ல வரத்துக் கால்வா தூர்ந்ததெல்லாம் எடுத்துடலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். இன்று அதைப் பற்றிப் பொற்காலம் மாதிரி எழுதுகிறார்கள். 2017-இல் அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கூடத் தொடங்கியது. ஆனால் சென்னை மாகாணத்தில் 1858-இல் அதற்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லோரும் தாமாக மண்வெட்டியோடு வந்திருந்தால் சட்டம் எதற்கு? வந்தவர்களிலும் யார் வெட்டினார்கள், யார் குடைபிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள் என்பது தாத்தாவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. தண்ணீர் யாருக்குப் போகிறதோ அவர்கள் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

*

போன தை மாதம் தாத்தா எங்களோடு வந்து பத்து நாள் தங்கினார். தாம்பரம் பக்கத்தில், தூர்வாரி அழகுபடுத்திய ஒரு ஏரிக்குக் கூட்டிப்போனேன். நன்றாகத்தான் இருந்தது. ஆகாயத்தாமரை இல்லை. கரையில் சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, இரண்டு பக்கமும் கம்பி, பெஞ்சு, குழந்தைகளுக்குச் சறுக்கு. சாக்கடை நாற்றம் அடித்த இடத்தில் இப்போது பாட்டிகள் வாக்கிங் போகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றை மீட்க அங்கே குடியிருப்பவர்கள் வருடக்கணக்கில் மனு எழுதியிருக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

தாத்தா நடைபாதையில் நடக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையின் வெளிப்பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தபடி வந்தார்.

"இன்னா தேடுற தாத்தா?"

"மதகு எங்க?"

நானும் தேடினேன். ஒரு இடத்தில் பழைய கல் தூண் இரண்டு, நடுவில் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது. அதன் மேல் ஒரு செயற்கை மான். வெளிப்பக்கம் வயல் இருந்த இடத்தில் மூன்று மாடி வீடுகள். அடைத்ததில் தப்பில்லை, திறந்தால் யார் வீட்டுக்குள் போகும்? தாத்தாவும் தலையை ஆட்டினார். "சரிதான்" என்றார். பிறகு கலங்கலைத் தேடினார். அது இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒரு மூலையில் கம்பி இல்லாமல் நான்கு படிகள் தண்ணீர் வரை இறங்கின. தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாவது படிக்குப் போயிருப்பார், வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "பெருசு, தண்ணில எறங்கக் கூடாது! போர்டு பாக்கல?" அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. யாராவது விழுந்தால் அவர் வேலை போய்விடும். நானே மேலே உங்களிடம் இறங்காதீர்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் தாத்தா அந்தப் படியில் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல். அறுபது வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு படியில் நிற்பது மாதிரி. பிறகு குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இல்ல சார், கால் கழுவலாம்னு" என்றார். எண்பது தாண்டியவர் முப்பது வயது வாட்ச்மேனை சார் என்றார்.

திரும்பி வரும்போது டீக்கடையில் கேட்டேன், "கோவமா தாத்தா?"

"கோவம் இன்னாத்துக்கு? எல்லாரையுந்தான எறங்க வேணாங்குறான்."

அந்த 'எல்லாரையும்' அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு இன்னும் போதவில்லை. வேலி போட்டு, நேரம் போட்டு, சில இடங்களில் டிக்கெட்டும் போட்டு ஏரியைப் பார்க்கும் பொருளாக மாற்றும்போது முதலில் வெளியே போவது டியூபில் மிதக்கும் அண்ணனும் எருமைக்கார அக்காவும். அவர்கள் 'எல்லாரிலும்' சேர்த்தியா? கரையில் என்னைப்போலச் சும்மா உட்காருபவர்களுக்காக வேலை செய்பவர்களை அகற்றுவது என்றால், அந்தச் சும்மா எனக்கு வேண்டாம். வேலி இல்லாத பழைய ஏரியாகவே விட்டுவிடலாமே என்றால் குப்பை லாரி வரும், மண் லாரி வரும், பிறகு பட்டா வரும். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்க வேண்டும். படித்துறைக்கு ஒரு ஓரத்தில் கம்பி போட்டு ஆழமில்லாத இடம் ஒன்றை விட்டுவைக்கலாம். மீன் பிடிப்பவருக்கு ஒரு வாசல் வைக்கலாம். மானுக்குப் பதில் மதகைக் காட்டி இது என்னவென்று ஒரு பலகை வைக்கலாம். பெரிய செலவு இல்லை.

*

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சம் மாறின. ஏரியைப் பார்ப்பதோடு நிற்காமல், கலங்கலில் இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்று பின்னாலேயே போகத் தொடங்கினேன். சிட்லப்பாக்கத்தில் வழிவது செம்பாக்கத்துக்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுமார் 1,247 ஹெக்டேர். பெரும்பாக்கம் பக்கம் சாலையோரம் நின்றால் பூநாரைகள் தெரியும். பின்னணியில் அடுக்குமாடிகள், முன்னணியில் இளஞ்சிவப்பு. இந்தப் பாதையில் பல இடங்களில் கால்வாய் திடீரென்று ஒரு காம்பவுண்டு சுவருக்குள் நுழைந்து காணாமல் போகும். மறுபக்கம் சுற்றிப் போனால் சாக்கடையாக வெளியே வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அந்தத் தெருக்களில் எல்லாம் தண்ணீர் தன் பழைய வழியை ஞாபகம் வைத்திருந்தது.

சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய். கால்வாயோடு தெற்கே வந்தால் முட்டுக்காடு. சிறுசேரிப் பக்கத்துத் தண்ணீரும் ஓஎம்ஆரைத் தாண்டிக் கிழக்கே அங்கேதான் சேருகிறது. சுற்றுலாக் கழகத்தின் படகுத் துறையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மக்கள் வரிசையில் நிற்கும் அந்தத் தண்ணீரில் தாம்பரத்து மழையும் இருக்கிறது. கோவளத்தில் முகத்துவாரம் திறந்திருந்தால் கடலுக்குப் போகும். மணல் மூடியிருந்தால் நிற்கும்.

மழைக்காலத்தில் இப்போது நான் கரையிலிருந்தே தாத்தாவுக்கு போன் போடுகிறேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, வீடியோ கால் வேண்டாம் என்பார். சொன்னால் போதும்.

"தாத்தா, கலங்கல்ல வழியுது."

"எவ்ளோ?"

"ஒரு சாண் இருக்கும்."

"சாணா, ஜாஸ்தியா? சரியா பாரு. தண்ணி வெள்ளையா போவுதா, செம்மண்ணா போவுதா?"

"செம்மண்ணா."

"அப்ப மேல இன்னும் பெய்யிது. கரை மேல நிக்காத, எறங்கி வந்துடு."

"மழ இல்ல தாத்தா இங்க."

"இங்க இல்லன்னா? மேல பெய்யிதுன்றன். எறங்கு கண்ணு."